உயிலும் மறதியும்



மட்டாஞ்சேரியின் கடைத்தெருவிலே ஒருவர் தம் காலத்துக்குப் பின் தம் பொருள் யாரைச் சேரவேண்டும் என்று எழுதி வைக்கும் பத்திரத்துக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் அதனை உயில் என்கின்றனர். மலையாளிகள் ஒஸ்யத்து என்கின்றனர். வடமொழிப் பழக்கமுடையவர் மரண சாசனம் என்பர். உயில் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல்லின் தமிழ் உரு. ஒஸ்யத்து அரபு நாட்டுச் சொல்லின் மலையாள உரு. மிளகும் சுக்கும் கப்பலேறிப் போன துறைமுகத்துக்கு இச்சொற்கள் கப்பலேறி வந்தன. சொற்கள் வந்து பல தலைமுறைகள் ஆகியும், அவை குறிக்கும் காரியத்தைச் செய்து முடிப்போர் மிகச் சிலரே.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டு விடைகள் கூறுவர். எழுதினால் ஆயுள் குறைந்துவிடுமோ என்னும் அச்சம் ஒன்று. எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்னும் அடக்கம் மற்றொன்று. முதலாவதற்கு நான் விடை கூறப் போவதில்லை. உயில் எழுதி வைத்துவிட்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தோரை நீங்களே அறிவீர்கள். இரண்டாவதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். ஏனெனில், சொத்து நிறைய உள்ளவன் வக்கீலை வைத்துக் கொள்கிறான். ஒரு வீடும், ஒரு வங்கிக் கணக்கும், சிறிது நகையும் உள்ள குடும்பமே மறதியினால் அதிகம் வருந்துகிறது. சொத்து வரி போலச் சாவுக்கும் வரி உண்டு என்று இன்றும் சில பெரியவர்கள் அஞ்சுகின்றனர். 1953ஆம் ஆண்டில் வந்த எஸ்டேட் வரி 1985ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த அச்சமும் தேவையில்லை.

முதலாவதாக நாம் மறப்பது, நமக்கு உரிய சட்டம் எது என்பது. "நான் எழுதாவிட்டால் என்ன? என் மனைவிக்குத்தானே எல்லாம் போகும்" என்று சொல்லாத கணவன் அரிது. இது பெரும்பாலும் தவறான எண்ணம்.

மட்டாஞ்சேரியில் ஒரு தெருவைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கற்பனை என்றேனே தவிர, அத்தகைய தெருக்கள் அங்கே உண்மையிலேயே உள்ளன. 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்துக்கும், போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனைக்கும் அண்மையில் கொங்கணியர், குஜராத்தியர், சமணர், கச்சி மேமன்கள், கிறிஸ்தவர், நாயர்கள், தமிழர் ஆகிய பலரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அத்தெருவில் மூன்று வீடுகளில் மூன்று ஆடவர்கள் உயில் எழுதாமல் இறக்கின்றனர் என்று கொள்வோம். மூவருக்கும் தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கின்றனர். மூவருடையதும் தாமே ஈட்டிய பொருள்.

முதல் வீட்டார் இந்துக்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சமமாகக் காற்பங்கு. இரண்டாம் வீட்டார் கிறிஸ்தவர். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. தாய்க்கு ஒன்றுமில்லை! யூத ஆலயத்தருகே வாழ்ந்த குடும்பங்களுக்கும் இதே சட்டந்தான். மூன்றாம் வீட்டார் சுன்னி முஸ்லிம்கள். பொருளை எழுபத்திரண்டு பங்காக வகுத்தால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17.

இவற்றுள் எது சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் மூன்று வீட்டிலும் மனைவிக்கு முழுச் சொத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வீட்டிலே, வயதான தாய் தன் காற்பங்கைத் தன் மற்ற மக்களுக்கு எழுதிக் கொடுத்தால், விதவையான மருமகள் தன் மைத்துனர்களோடு வீட்டைப் பங்கிட வேண்டியவளாகிறாள். இரண்டாம் வீட்டிலோ, மகன் சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய் பேரக் குழந்தைகளின் அன்பை மட்டுமே நம்ப வேண்டியவளாகிறாள். தம் சட்டம் இன்னதென்று அறிந்தவரே தம் உயில் எதைத் திருத்த வேண்டும் என்றும் அறிவர்.

இரண்டாவது, பெண்கள் தம் உயிலை மறப்பது. குடும்பத் தலைவர் எழுத வேண்டிய பத்திரம் உயில் என்று ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதனால் விளைந்த துயரத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

வடநாட்டில் நாராயணி தேவி என்றொரு பெண்மணி இருந்தார். 1955ஆம் ஆண்டில் திருமணமாகி மூன்று மாதங்களுக்குள் கணவனைப் பாம்பு தீண்டி இழந்தார். கணவன் வீட்டார் அவரை வெளியேற்றினர். பிறந்த வீடு திரும்பிப் படித்தார்; வேலைக்குச் சென்றார்; வங்கியில் சேமித்தார்; சேமநல நிதியும் சேர்ந்தது. 1996ஆம் ஆண்டில் உயில் எழுதாமல் காலமானார். அவரைப் பெற்று, ஆதரித்து, படிக்க வைத்த தாய் அப்போது உயிரோடிருந்தார். ஆயினும், 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அப்பொருள் முழுவதும் கணவனின் சகோதரி மக்களுக்கே உரியதென்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளுக்கு இரக்கமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரக்கத்தால் சட்டத்தை மாற்றி வாசிக்க இயலாது என்றே அவர்கள் கூறினர். இந்துப் பெண் ஒருத்தி கணவனும் மக்களும் இன்றி இறந்தால், அவள் தானே ஈட்டிய பொருள் முதலில் கணவனின் வாரிசுகளுக்கும், அவர்கள் யாரும் இல்லாதபோதே பெற்றோருக்கும் போகும் என்பது சட்டத்தின் 15ஆம் பிரிவு. பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டுமே தந்தை வழிக்குத் திரும்பும்.

மட்டாஞ்சேரியில் இதற்கு இன்னொரு சுவையான முகமும் உண்டு. மருமக்கள்தாய முறையைச் சேர்ந்த குடும்பங்களுக்கு அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு வரிசை சொல்கிறது. அங்கே பெண்ணின் பொருள் முதலில் மக்களுக்கும் தாய்க்கும். அடுத்துத் தந்தைக்கும் கணவனுக்கும். பிறகு தாய் வழியினருக்கு. கணவனின் வாரிசுகள் கடைசியிலே. ஆகவே, ஒரே பள்ளியில் ஒரே சம்பளத்துக்குப் பணியாற்றிய இரு விதவைகள் — ஒருவர் நாயர் குலத்தவர், மற்றவர் தமிழ்க் குடும்பத்தவர் — மக்களின்றி ஒரே நாளில் இறந்தால், ஒருவர் சேமிப்பு தாய் மடிக்கும், மற்றவர் சேமிப்பு கணவன் வீட்டுக்கும் போகும். இந்த வேற்றுமையை ஒரே ஒரு தாளில் எழுதிய நாலு வரி நீக்கிவிடும். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், காலம் தாழ்த்தாமல் உயில் எழுதி வைக்கவேண்டும் என்று 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. நீதிமன்றம் வேண்டுகோள் விடுப்பது அடிக்கடி நிகழ்வதன்று.

மூன்றாவது, பேரக் குழந்தைகளையும் மகள்களையும் பற்றிய மறதி. முஸ்லிம் வாரிசு முறையில், தந்தை உயிரோடிருக்கும்போதே ஒரு மகன் இறந்து போனால், அம்மகனின் குழந்தைகள், வேறு மகன் இருக்கும் வரையில், பாட்டன் சொத்தில் வாரிசாக மாட்டார்கள். தந்தையை இழந்த குழந்தை பாட்டன் பொருளையும் இழக்கிறது. ஆனால் இதற்கு மருந்தும் அம்முறையிலேயே இருக்கிறது. ஒருவர் தம் பொருளில் மூன்றில் ஒரு பங்கு வரையில், வாரிசல்லாதவருக்கு ஒஸ்யத்து செய்யலாம். அந்தப் பேரக் குழந்தை வாரிசல்ல என்பதனாலேயே ஒஸ்யத்துக்குத் தகுதியுடையதாகிறது! மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டதற்கும், வாரிசுகளில் ஒருவருக்கே கொடுப்பதற்கும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். 2023ஆம் ஆண்டில் காசர்கோட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் சுக்கூர் என்பவர், தம் மூன்று மகள்களுக்கே தம் சொத்து முழுவதும் சேர வேண்டும் என்னும் நோக்கத்துடன், தம் மனைவியையே தனித் திருமணச் சட்டத்தின்கீழ் மீண்டும் மணந்து பதிவு செய்துகொண்டார். அச்சட்டப்படி மணந்தால் வாரிசு முறையும் மாறும். அவர் வழியை எல்லாரும் ஏற்பர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சட்டம் என்ன செய்யும் என்பதை ஒரு மனிதர் உயிரோடிருக்கும்போதே கேட்டறிந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை வேறு. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே கிடைத்தது. கொச்சிச் சமஸ்தானத்துக்கும் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், 1951 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் வழக்கொழிந்துவிட்டது என்றும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே உரியது என்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் நிகழ்ந்தது சிந்திக்கத் தக்கது. மகளுக்குப் பங்கு போய்விடுமே என்று அஞ்சிய தந்தையர் பலர் அவசரமாக உயில் எழுதத் தொடங்கினர். அதுவரை எழுதாதவர் கை, மகளை விலக்குவதற்கு மட்டும் வேகமாக எழுதிற்று! உயில் ஒரு கருவி. அதனால் அநீதியைத் திருத்தலாம். அநீதியை நிலைநிறுத்தவும் செய்யலாம். எழுதுவோர் மனமே அதற்குப் பொறுப்பு.

தருமத்துக்கு எழுதுவதிலும் முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறச் செயலுக்குச் சொத்து எழுத வேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003ஆம் ஆண்டில் அவ்விதி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. இன்று அத்தடையில்லை.

நான்காவது மறதி, நியமனதாரர் என்னும் நாமினியைப் பற்றியது. வங்கிப் படிவத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டால் உயில் எழுதியதற்குச் சமம் என்று எண்ணுவோர் மிகப் பலர். அஃது உண்மையன்று. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக் கொள்ளும் கை மட்டுமே. பணத்துக்கு உரியவர் வாரிசே. ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பற்றி 1984ஆம் ஆண்டிலும், வங்கி வைப்புத் தொகையைப் பற்றி 2010ஆம் ஆண்டிலும், கம்பெனிப் பங்குகளைப் பற்றி 2023ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இதையே கூறியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி காப்பீட்டில் மட்டும் பெற்றோர், கணவன் மனைவி, மக்கள் ஆகியோரை நியமித்தால் அவர்களுக்குப் பணத்தில் உரிமையும் உண்டு என்றாயிற்று. அதற்கும் எல்லா நீதிமன்றங்களும் ஒன்றுபோல் பொருள் கூறவில்லை. 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வங்கிக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். அதனால் வசதி பெருகிற்று, தத்துவம் மாறவில்லை.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஒன்று, உயிலில் எழுதிய பெயரும் படிவத்தில் எழுதிய பெயரும் ஒத்திருக்கச் செய்வது. மற்றொன்று, பழைய படிவங்களை எடுத்துப் பார்ப்பது. திருமணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது அண்ணன் பெயரை எழுதியவர், பேரன் பிறந்த பின்பும் அதனை மாற்றாதிருப்பதுண்டு. அப்பணம் அண்ணன் கைக்குப் போய், அவர் மனச்சாட்சியைப் பொறுத்து வீடு திரும்ப வேண்டியதாகும்.

ஐந்தாவதாக, எழுதும் முறையிலே நேரும் பிழைகள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெறுந்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமன்று, செய்தால் நலம். முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பலர் இவ்வழியை அறிவதேயில்லை. ஆனால் பதிவு செய்த உயிலை, பிறகு எழுதிய பதிவு செய்யாத உயில் ஒன்று மாற்றிவிடக்கூடும். ஆதலால் ஒவ்வொரு புதிய உயிலிலும் "இதற்கு முன் எழுதியவை யாவும் ரத்து" என்ற வாசகமும் தேதியும் அவசியம்.

முஸ்லிம்கள் நீங்கலாக மற்றையோர் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் இன்றியமையாதவர். எழுதியவர் கையொப்பமிடுவதை அவர்கள் கண்ணால் காண வேண்டும்; அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். அண்டை வீட்டில் உள்ள தொண்ணூறு வயதுப் பெரியவரைச் சாட்சியாக வைப்பது மரியாதை, ஆனால் முன்யோசனையன்று. உயிலை மெய்ப்பிக்க வேண்டிய நாளில் சாட்சி ஒருவரேனும் உயிரோடிருந்து நீதிமன்றம் ஏறவேண்டும். ஆகவே இளைஞரைத் தேர்ந்தெடுங்கள். பயன் பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் அவ்வாறு செய்தால், சாட்சிக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் எழுதியது செல்லாமலே போய்விடும். இந்துக்களுக்கு அவ்விதி இல்லையெனினும் சந்தேகம் எழும். உயிலால் பெரும்பயன் அடைபவரே முன்னின்று அதனை எழுதுவித்தால், ஐயத்தை நீக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்று 1958ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் மணம் புரிந்தால் அவ்வுயில் தானே ரத்தாகும். இந்துவின் உயில் ரத்தாகாது. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஒருவருக்கு உயில் இருப்பதாக எண்ணும்போது இராது. மற்றவருக்கு மறந்துபோன பழைய உயில் புது மனைவிக்கு எதிராக வந்து நிற்கும்.

ஆறாவது, பிரிக்கவியலாப் பொருளைப் பிரித்துக் கொடுப்பது. "என் வீடு என் ஐந்து மக்களுக்கும் சமமாக" என்று எழுதுவது கேட்க இனிமையாக இருக்கும். ஒரு சுவரை அடுத்த வீட்டோடு பங்கிட்டு நிற்கும் மட்டாஞ்சேரி வீட்டை ஐந்தாகப் பிரிப்பது எங்ஙனம்? ஐவரில் ஒருவர் வளைகுடா நாட்டில்; ஒருவர் மும்பையில்; ஒருவர் கடல் கடந்து குடியேறிவிட்டார். ஒரு தலைமுறை கழிந்தால் ஐந்து பங்கு இருபதாகும். அதன்பின் ஓடு மாற்றுவதற்கும் இருபது கையொப்பம் வேண்டும். கடைத்தெருவில் இடிந்து கிடக்கும் பழைய பண்டகசாலை ஒவ்வொன்றையும் ஏழைமை இடித்ததென்று நினைக்காதீர்கள். கையொப்பம் கிடைக்காமையும் கட்டடத்தை இடிக்கும். யூதத் தெருவிலும் 1948ஆம் ஆண்டுக்குப் பின் குடும்பங்கள் படிப்படியாக இஸ்ரேலுக்குச் சென்றபோது, போவதற்கு முன்பே வீட்டைக் கணக்குத் தீர்த்தவர்களுக்கும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று பூட்டிச் சென்றவர்களுக்கும் இடையே இருக்கக்கூடிய வேற்றுமையை நீங்களே ஊகிக்கலாம்.

மன்னர் குடும்பமும் இதற்கு விலக்கன்று. 1949ஆம் ஆண்டில் கொச்சி மன்னர் ஒரு பிரகடனத்தால் அரச குடும்பத்து எஸ்டேட்டையும் அரண்மனை நிதியையும் அறங்காவலர் குழு ஒன்றின் பொறுப்பில் பிரிக்காமல் வைக்க ஏற்பாடு செய்தார். பங்கு வேண்டும் என்னும் காலம் வந்தபோது, 1961ஆம் ஆண்டில் அதற்கெனக் கேரளச் சட்டமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம்முடைய வீட்டுக்காகச் சட்டமன்றம் கூடாது. நாமே யோசித்து, வீடு ஒருவருக்கு, அவர் மற்றவர்களுக்கு இவ்வளவு தொகை தரவேண்டும் என்றோ, விற்று இன்ன விகிதத்தில் பகிர வேண்டும் என்றோ எழுத வேண்டும். அதை நிறைவேற்ற ஒருவரை நியமிக்கவும் வேண்டும்.

ஏழாவது, இதற்கு நேர்மாறான அவசரம். உயில் தொல்லை எதற்கு, இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிடுவோம் என்று தானப் பத்திரமாகவோ செட்டில்மெண்டாகவோ வீட்டைக் கொடுத்துவிடுவோர் உண்டு. உயில் நாம் இறந்த பின்னரே பேசும், நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்டோ, பதிவானவுடனே கை மாறிவிடும். "என்னை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்னும் நிபந்தனை இருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அப்பத்திரத்தை ரத்து செய்ய வழி காட்டுகிறது. நிபந்தனையை எழுதாமல் விட்டவர் பட்ட பாட்டை வழக்குகள் சொல்கின்றன. அன்புக்கு நிபந்தனை எழுதுவதா என்று கூச வேண்டாம். அன்பு உள்ள மகனுக்கு அந்த வரி சுமையாகாது.

எட்டாவது மறதியே எல்லாவற்றிலும் எளியது, எல்லாவற்றிலும் பரவலானது. எது எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லாமை. வீட்டு ஆதாரம் எந்தப் பெட்டியில்? கரம் கட்டிய ரசீது எங்கே? தகப்பனார் காலமான பின் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து பெயர் மாற்றியாயிற்றா? எந்த வங்கியில் லாக்கர், சாவி யாரிடம்? எந்த நகை அடகில், எப்போது மீட்க வேண்டும்? யாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்? பத்தாண்டுகளாக எவரும் கேளாத வங்கிப் பணம், 2014ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி அமைத்த ஒரு நிதிக்குச் சென்று சேர்கிறது. உரியவர் பிறகும் கேட்டுப் பெறலாம். தேடிப் பார்ப்பதற்கென 2023ஆம் ஆண்டில் உத்கம் என்னும் இணையதளமும் ஏற்பட்டது. ஆனால் அப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியாத மகள் எதைத் தேடுவாள்? இன்று சேமிப்பும் பங்கும் காப்பீடும் கைப்பேசிக்குள்ளே ஒடுங்கிவிட்டன. பெட்டியை உடைத்தாவது திறக்கலாம். கைப்பேசியின் பூட்டை உடைக்க இயலாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றின் பட்டியலை எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி, நம்பத் தகுந்த ஒருவரிடம் இடத்தைச் சொல்லி வையுங்கள். மறைச்சொற்களை உயிலில் எழுத வேண்டாம். உயில் பலர் கைக்குப் போகும் பத்திரம்.

வயது வராத குழந்தைகள் உள்ளோர், தாயும் தந்தையும் ஒருங்கே இல்லாமற் போனால் அவர்களை வளர்ப்பவர் யார் என்றும் எழுதி வைக்க வேண்டும். எழுதுமுன் அவரைக் கேட்க வேண்டும். இனித் தேற வழியில்லாத நோயில் எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023ஆம் ஆண்டில் அதன் முறையை எளிதாக்கிற்று. இதுவும் ஒரு வகை உயிலே.

நேயர்களே, இத்தனை சட்டம் பேசினேன். முடிப்பதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தந்தையார் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதியவர். அன்றாட வரவு செலவு அரையணா பிசகினாலும் இரவு வீடு திரும்ப மாட்டார். எங்கள் வீட்டின் முன் அறையில் என் மூத்த சகோதரி இருந்தார். இளம் வயதில் கணவனை இழந்து வந்தவர். அம்மாவுக்குப் பின் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர். "இந்த அறை அவளுடையது. அவள் காலம் வரை யாரும் கேட்கக் கூடாது" என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ முறை சொன்னதுண்டு. எழுதவில்லை.

அவர் காலமான பின் நாங்கள் நால்வர் வாரிசு. சட்டப்படி நால்வருக்கும் காற்பங்கு. ஒருவருக்கும் அநீதியில்லை. ஆனால் சகோதரர் மூவருக்கும் பணத் தேவை இருந்தது. வீட்டை விற்றோம். அக்காவின் காற்பங்கையும் காசு குறையாமல் கொடுத்தோம். அந்தத் தொகைக்கு மட்டாஞ்சேரியில் ஒரு அறைகூட வாங்க முடியவில்லை. எஞ்சிய காலத்தை அவர் எங்கள் மூவர் வீட்டிலும் நான்கு நான்கு மாதமாகக் கழித்தார். ஒரு டிரங்குப் பெட்டியோடு வருவார்; அதே பெட்டியோடு போவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. விற்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்.

"என் மகள் தன் ஆயுள் உள்ளவரை இவ்வீட்டின் முன் அறையில் வசிக்க உரிமையுடையவள். அதன்பின் வீடு மக்கள் அனைவருக்கும் சமமாகச் சேரும்." அப்பா எழுத வேண்டியிருந்தது இவ்விரண்டு வரிகளே. அவர் தம் வாழ்நாளில் எழுதிய பேரேடுகளின் பக்கங்களை எண்ணினால் பல்லாயிரம் தேறும். அந்த இரண்டு வரிகளுக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை. அவர் சொன்னது எங்கள் மூவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் காதில் விழுந்தது காலப்போக்கில் அவரவர் தேவைக்கேற்ப மங்கிவிடும். தாளில் விழுந்தது மங்காது.

ஆகவே, உயில் எழுத உட்காரும்போது "என்னிடம் என்ன இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். "நான் இல்லாவிட்டால் யாருக்கு இருக்க இடமில்லை" என்று தொடங்குங்கள். அவ்வீட்டுப் பெரியவர் இன்று இரவு உணவுக்குப் பின் மக்களையும் மருமக்களையும் அருகழைத்து, தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். நாளை அதனை எழுதட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டு இளைஞர் இருவரை அழைத்துக் கையொப்பம் இடட்டும். நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டட்டும். காரியம் இவ்வளவே.

நான் என் உயிலை எழுதிவிட்டேன். அதில் முதல் வரி, என் வீட்டில் யார் எந்த அறையில் இருக்கலாம் என்பதைப் பற்றியது. என் அக்கா அதனைப் படிக்க இன்று இல்லை.